கடல் கடந்த மடலும் இடையில் நின்றோரும்

சென்ற ஆண்டில் ஒரு நாள், அஸ்ர் தொழுகைக்குப் பின், வெள்ளாற்றங்கரையை அடுத்த ஊரிலிருந்து மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் என் இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் ஒரு துணி முடிப்பு இருந்தது. அதனை அவிழ்த்து மூன்று பொருள்களைப் பாயின்மேல் பரப்பினார். முதலாவது, நூலால் கட்டப்பெற்ற பழைய கடிதக் கட்டு. அவருடைய தாயார் பினாங்கிலிருந்த தந்தையாருக்கு அரபுத் தமிழில் எழுதியவை. தந்தையார் ஊர் திரும்பியபோது அவற்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டாவது, இரண்டு ஒலிநாடாக்கள். அவருடைய கணவர் 1980களில் தம்மாமிலிருந்து பேசி அனுப்பியவை. மூன்றாவது, ஒரு கைப்பேசி.

"ஹஜ்ரத், இதுக்குள்ள அவங்க குரல் இருந்துச்சு. இப்ப இல்ல. எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் கணவர் தம் கடைசிக் காலப் பணியைச் சார்ஜாவில் முடித்து ஊர் திரும்பி, மூன்றாண்டுகளுக்கு முன் இறையடி சேர்ந்தவர். சார்ஜாவிலிருந்த நாள்களில் அவர் அனுப்பிய குரற்பதிவுகள் பழைய கைப்பேசியில் இருந்தன. அக்கருவி பழுதாயிற்று. புதிய கருவி வாங்கி, எண்ணை அதற்கு மாற்றி, செயலியையும் கடைக்காரர் ஏற்றித் தந்தார். எண் வந்தது, பெயர்கள் வந்தன, குரல்கள் வரவில்லை. "பேக்கப் எடுத்து வைக்கச் சொன்னேன் ஹஜ்ரத். நன்னிக்கு இதெல்லாம் புரியாது" என்று பேத்தி சொன்னாள். அம்மூதாட்டி தலைகுனிந்து இருந்தார்.

கடிதத்தை இன்றும் கண்ணால் படிக்கலாம். ஒலிநாடாவை ஓட்டும் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்தால் அதனையும் கேட்டுவிடலாம். மூன்றனுள் புதியதே முதலில் அழிந்தது. இதற்கு அறியாமை என்று பெயர் சூட்டி அக்கிழவியாரின் தலையில் ஏற்றிவிடுவது எளிது. ஆனால் அரபுத் தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவும் எழுதவும் வல்ல ஒரு பெண்மணியை அறியாதவர் என்று சொல்ல என் நாவு கூசுகிறது. ஆகவே நம் பகுதியில் செய்தியும் குரலும் கடல் கடந்து போய்வந்த வரலாற்றை, இருவர் பேச்சுக்கு இடையில் நின்றவர் யார் என்னும் ஒரு வினாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நோக்கலாம் என எண்ணினேன்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் கடற்கரையன்று. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் போன்று கப்பல் வாணிகத்தால் புகழ்பெற்றதும் அன்று. மானாவாரி நிலமும் சுண்ணாம்புக் கல்லும் நிறைந்த உள்நாடு இது. பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை கிடையாது. இரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ செல்ல வேண்டும். அங்ஙனமிருந்தும் லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களின் இல்லங்கள் பலவற்றில் ஓர் ஆடவரேனும் கடல் கடந்து வாழ்வது வழக்கமாகிவிட்டது. தமிழ் முஸ்லிம்களின் பழைய பயணம் இலங்கை, பர்மா, மலாயா நோக்கியது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் விலை ஏற்றத்திற்குப் பின் அது வளைகுடா நோக்கித் திரும்பிற்று. ஊரில் கட்டப்பெற்ற மாடி வீடுகளைப் பலரும் காண்கின்றனர். அவ்வீடுகளில் கணவன் மனைவியரிடையே நிகழ்ந்த பேச்சு எத்துணைக் கைகள் மாறி வந்தது என்பதைச் சிந்திப்போர் அரியர்.

கடிதத்தை முதலில் காண்போம். இதில் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யூதர்களுடன் மடல் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தபோது, அவற்றை எழுதவும் படிக்கவும் பிறர் கையை நம்பியிராமல், இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அவ்வெழுத்தைக் கற்றுக்கொள்ளப் பணித்தார்கள். ஸைத் (ரலி) அவர்கள் அரைத் திங்கள் அளவில் அதனைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்று திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். மடலின் இடையில் நிற்பவர் நம்பிக்கைக்குரியவராக இருத்தல் வேண்டும். இயலுமாயின் அவ்விடத்தில் நம்மவரே நிற்றல் வேண்டும் என்பது அதிலிருந்து நான் கொண்ட பொருள்.

நம் முன்னோர் செய்ததும் ஒருவகையில் இதுவே. தமிழ்ப் பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பற்ற பெண்களும் குர்ஆன் ஓதக் கற்றிருந்தனர். ஆகவே அவர்கள் அறிந்த அரபு எழுத்திலேயே அவர்கள் பேசிய தமிழை எழுதும் முறை வளர்ந்தது. ட, ண, ப, ள, ழ போன்ற ஒலிகள் அரபியில் இல்லை. அதற்காக அரபு மொழி வந்து வழிவிடட்டும் எனக் காத்திராமல், உள்ள எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளி கூட்டி வேண்டியவற்றை ஆக்கிக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் அவ்வெழுத்தில் சட்டமும் ஒழுக்கமும் எழுதினர். அறிஞர் தைக்கா ஷுஐப் ஆலிம் 1993-இல் வெளியிட்ட ஆங்கிலப் பெருநூல் அவ்விலக்கியத்தின் பரப்பை உலகுக்குக் காட்டிற்று. நூல்களைப் பற்றிப் பேசுவோர் பலர். கடிதங்களைப் பற்றிப் பேசுவோர் இலர். கொழும்பிலும் பினாங்கிலும் இருந்த கணவனுக்கு மனைவி தன் கையால் எழுதினாள். அஞ்சற்காரர் உறையைத் தொட்டார். உள்ளே இருப்பதை அவரால் படிக்க இயலாது. மாமியாரின் குறையையும் குழந்தையின் காய்ச்சலையும் அடுத்த பெருநாளுக்காவது வர முடியுமா என்னும் கேள்வியையும் எவர் துணையுமின்றி எழுத முடிந்த காலம் அது. கடிதம் சேரத் திங்கள் கணக்காகும். கப்பல் தவறினால் போயிற்று. ஆயினும் இடையில் எவரும் இலர்.

தந்தியில் நிலைமை தலைகீழாயிற்று. 1850-இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே தொடங்கி, 2013 ஜூலையில் முடிவுற்ற இந்தியத் தந்தி, விரைவைத் தந்து மறைவைப் பறித்தது. சொல்லுக்கு இத்தனை காசு என்பதால் துயரத்தையும் சுருக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். ஆகவே படித்துச் சொல்ல ஓர் ஆசிரியரையோ அஞ்சலகத்தாரையோ நாட வேண்டும். வாழ்த்துத் தந்திக்கென வகுக்கப்பெற்ற எண்ணிட்ட வாசகங்களுள் ஈத் முபாரக்கும் இருந்தது. எண்ணைச் சொன்னால் வாழ்த்துப் போய்ச் சேரும். ஆனால் ஊர்ப்புறத்தில் தந்தி என்றாலே மரணம் என்றுதான் பொருள். உறையைப் பிரிக்கும் முன்னரே அழுகை தொடங்கிவிடும்.

அரியலூர் என்னும் பெயர் நாடெங்கும் பரவியதும் அத்தகைய ஒரு துயரச் செய்தியால்தான். 1956 நவம்பர் 23 அன்று, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அச்செய்தியில் உற்றாரின் பெயர் உண்டா இல்லையா என்பதை அறிய மக்கள் இரயில் நிலையத்தையும் தந்தி அலுவலகத்தையும் சூழ்ந்து நிற்கும் காலம் அது. செய்தி விரைந்து வரும். செய்தியின் உள்ளடக்கம் மெல்லவே வரும். கைப்பேசி யுகத்தில் இவ்விரண்டும் இடம் மாறியுள்ளனவா என்பதைப் பெரியோர்கள் எண்ணிப் பார்க்க.

தொலைபேசி நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் 1882-லேயே இணைப்பகம் திறக்கப்பட்டது. ஆனால் நம் ஊர்களுக்கு அது வந்த வரலாறு டிரங்க் காலில் தொடங்குகிறது. இணைப்பகத்தில் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என மூன்று தரம். தரம் உயர்ந்தால் கட்டணமும் உயரும். மூன்று நிமிடம் முடிந்ததென இயக்குநர் குறுக்கிட்டுச் சொல்வார். குறிப்பிட்ட ஆளையே அழைத்துத் தரக் கேட்பது பி.பி. கால். பின்னாளில் முகவரி அட்டைகளில் அண்டை வீட்டாரின் எண்ணை எழுதி, அருகில் பி.பி. என்று போட்டுக்கொள்ளும் பழக்கம் அதிலிருந்தே வந்தது. எண் ஒருவருடையது, பேச்சு மற்றொருவருடையது. அழைப்பு வந்ததும் சிறுவன் ஓடிவந்து கதவைத் தட்டுவான். அப்பெண் முந்தானையைப் போர்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கூடத்திற்கு ஓடுவாள். அங்கே உள்ளவர் அனைவரும் வேலையை நிறுத்திவிட்டுச் செவி சாய்ப்பர். "நல்லா இருக்கீங்களா? நாங்க நல்லா இருக்கோம்." இவ்வளவே பேச முடிந்தது. ஆறு திங்கள் தேக்கி வைத்த சொல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

1984-இல் அமைக்கப்பெற்ற சி-டாட் நிறுவனத்தார் நம் நாட்டுப் புழுதிக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் சிற்றூர் இணைப்பகத்தைச் செய்தனர். குளிர்பதன அறை வேண்டாத அக்கருவி நூற்றிருபத்தெட்டு முனைகளை இணைக்கும். கருநாடகத்துக் கித்தூரில் 1986-இல் முதன்முதலாக அது இயங்கிற்று. மாற்றார் குளிர்நாட்டுக்கெனச் செய்த கருவியை வாங்கி வைத்துக்கொண்டு வெயிலை நொந்துகொள்ளாமல், வெயிலுக்கேற்ற கருவியைச் செய்த அவ்வறிவு, அரபு எழுத்துக்குப் புள்ளியிட்ட நம் முன்னோரின் அறிவுக்கு உறவு எனலாம். அதன் பயனாக எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துகள் மூலைக்கு மூலை எழுந்தன. கண்ணாடி அறை, சிறு மின்விசிறி, ஓடும் எண்கள், முடிவில் கிழித்துத் தரும் சீட்டு. உள்நாட்டு அழைப்புக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் அந்நேரத்தில் வரிசை நீளும். வெளிநாட்டுப் பேச்சில் ஓடும் எண்ணைப் பார்த்தபடியே பேச வேண்டியிருந்ததால், வாய் ஒன்று சொல்லக் கண் வேறொன்றில் இருக்கும். கண்ணாடி அறைக்குக் கதவு உண்டு. ஆனால் கேட்காத தொலைவுக்குக் குரலைக் கொண்டுசெல்ல உரக்கப் பேசியாக வேண்டும். பூத்துக்காரர் அறியாத குடும்பச் செய்தி ஊரில் இல்லை என்னும் நிலை வந்தது. அவர்களுள் நல்லவர் பலர், கேட்டதை வெளியே சொல்லாமல் மண்ணறைக்குக் கொண்டு சென்றனர் என்பதையும் நன்றியுடன் குறிக்க வேண்டும்.

இத்தனைக்கும் இடையே சத்தமின்றி ஒரு கருவி தன் பணியைச் செய்தது. அதுதான் ஒலிநாடா. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோர் கொணர்ந்த டேப் ரிக்கார்டரில் நாகூர் ஹனிபாவின் பாடல்கள் ஒலித்தன என்பது அனைவரும் அறிந்தது. அதே கருவியில் வெற்று நாடாவை இட்டு, அறையைத் தாழிட்டுக்கொண்டு, மனைவிக்கும் தாய்க்கும் ஒரு மணி நேரம் பேசி, ஊர் செல்வோர் கையில் கொடுத்தனுப்பியோரும் பலர். கேரள மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே எஸ்.ஏ.ஜமீல் 1970களின் பிற்பகுதியில் பாடிய துபாய்க் கடிதப் பாட்டு பெரும் பரபரப்பை உண்டாக்கியது, அப்பிரிவின் வேதனையை வெளிப்படையாகச் சொன்னதனால்தான். நம் வீட்டு நாடாக்களில் பாட்டில்லை. இருமல் உண்டு, பக்கத்துக் கட்டிலின் ஓசை உண்டு, தொலைவில் பாங்கு உண்டு. மீண்டும் மீண்டும் கேட்கலாம், நிறுத்திவிட்டு அழலாம். எவரும் எண்ணைக் காட்டி விரட்டவில்லை. எழுதத் தெரியாதவருக்கும் கடிதம் எழுதும் உரிமையை அது தந்தது.

கைப்பேசியின் தொடக்கத்தை விரைந்து கடக்கலாம். 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவில் முதல் அழைப்பு நிகழ்ந்தது. 2003 மே வரை நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மணி அடித்ததும் துண்டித்துவிடும் மிஸ்டு கால் என்னும் கலை அக்காலத்து நெருக்கடியில் பிறந்தது. ஒரு முறை அடித்தால் வந்து சேர்ந்தேன், இரு முறை அடித்தால் கூப்பிடு என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டது. காசின்றிச் செய்தி போயிற்று. இடையில் நின்றவருக்கு ஒன்றும் கிட்டவில்லை.

குறுஞ்செய்தியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரு குறுஞ்செய்திக்கு நூற்று அறுபது எழுத்து என்பது ஆங்கிலத்துக்கு வகுத்த அளவு. தமிழுக்கும் அரபிக்கும் அதே இடத்தில் எழுபதுதான் அடங்கும். அதிலும் தமிழுக்கு மற்றோர் இழப்பு உண்டு. நாம் ஓரெழுத்தாகக் காணும் 'லா' என்பது கருவிக்கு இரண்டு குறி. 'க்' என்பதும் இரண்டு. அஸ்ஸலாமு அலைக்கும் என்று எழுதினால் நம் கண்ணுக்குப் பத்து எழுத்து. இடைவெளியையும் சேர்த்துக் கருவியின் கணக்கில் பதினெட்டு. எழுபதில் கால் பங்கு ஸலாமுக்கே போய்விடும்! ஆகவே நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கினர். அதனை மொழிப் பற்றின்மை என்று மேடையில் கண்டித்தோம். கட்டணக் கணக்கைப் பார்க்கத் தவறினோம். பெருநாள் போன்ற நாள்களில் சலுகைக் கட்டணம் செல்லாது என்னும் விதியும் அக்காலத்தில் இருந்தது.

கருவிகளில் தமிழ் இடம்பெற்றதும் எளிதாக நிகழவில்லை. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991-லேயே தமிழ் சேர்க்கப்பட்டது. ஆனால் அது இந்திய எழுத்துகளுக்கெனப் பொதுவாக வகுத்த அமைப்பைத் தழுவியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் மாநாடு விசைப்பலகைக்கு ஓர் ஒழுங்கு கண்டது. 2005-இல் மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தது. தமிழக அரசு 2010-இல்தான் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றொருவர் கருவியில் கட்டங்களாகத் தோன்றும். வீட்டுப் பெரியவர் அக்கட்டங்களைப் பார்த்துத் தம் கண்ணைக் குறை கூறிக்கொண்டு கண்ணாடி மாற்றிய நிகழ்ச்சியும் எனக்குத் தெரியும்.

இனிச் செயலிகளுக்கு வருவோம். இந்தியாவில் இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரலில் அனுமதிக்கப்பட்டது. ஸ்கைப் முதலியன பூத்தை மூடின. வாட்ஸ்அப் 2013-இல் குரற்பதிவையும், 2015-இல் பேச்சையும், 2016-இல் காணொளிப் பேச்சையும் தந்தது. திங்கள் கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நாள்தோறும் முகம் பார்க்கும் நிலை வந்தது. இதனை இறைவனின் அருட்கொடை என்றே கூறுவேன். ஆனால் இடையில் நின்றவர் போய்விட்டாரா? இல்லை, அவர் கண்ணுக்குத் தெரியாதவராக மாறினார்.

ஐக்கிய அரபு அமீரகம் உரிமம் பெறாத இணையவழிப் பேச்சை நீண்ட காலமாகத் தடுத்து வந்துள்ளது. 2018-இன் தொடக்கத்தில் ஸ்கைப்பும் அங்கே நின்றது. போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளே வழி என்றாயிற்று. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் தன் தடையை நீக்கிற்று. ஆக, தம்மாமில் இருந்த மகனோடு பேசிய முறை சார்ஜாவில் இருந்த கணவனோடு பேசப் பயன்படாது. ஊரில் இருக்கும் தாய்க்கு இந்த அரசாணைகள் தெரியுமா? அவர் அறிந்ததெல்லாம், நேற்றுப் பேசிய பெட்டி இன்று பேசவில்லை என்பதுதான். ஏழை உழைப்பாளிகள் பெரிதும் நாடிய ஐமோ செயலி, 2023 மே மாதத்தில் இந்திய அரசு தடுத்த பதினான்கு செயலிகளுள் ஒன்று எனச் செய்தி வந்தது. ஸ்கைப் என்னும் பெயரே 2025 மே மாதத்தோடு மறைந்தது. பழைய கைப்பேசிகளில் வாட்ஸ்அப் இயங்காது என்னும் அறிவிப்பும் அவ்வப்போது வருகிறது. ஒவ்வொரு முறையும் கற்றதை மறந்து புதிதாகக் கற்க வேண்டும், எழுபது வயதில்.

பேச்சு மட்டும் தடைப்பட்டது. எழுதும் செய்தியும் குரற்பதிவும் தடைப்படவில்லை. அதனால்தான் அம்மூதாட்டியின் கணவர் சார்ஜாவிலிருந்து நாள்தோறும் குரற்பதிவு அனுப்பினார். அவர் மீண்டும் ஒலிநாடாக் காலத்து முறைக்கே திரும்பினார் எனலாம். அவர் மறைந்தபோது அவருடைய மகன் சார்ஜாவில் இருந்தார். உடனே புறப்பட இயலவில்லை. ஷாபி மத்ஹபினர் தொலைவிலிருந்தே காயிப் ஜனாஸாத் தொழுவர். ஹனபி மத்ஹபில் அதற்கு இடமில்லை. மகன் ஹனபி, ஆகவே கைப்பேசியின் வழியே பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே அவருக்கு இயன்றது. ஜனாஸாவைக் குழியில் இறக்கும் வேளையில் படம் உறைந்து நின்றுவிட்டது. எந்தச் செயலி, எவர் பிழை என்பன ஈண்டு வேண்டா. மீண்டும் இணைப்புக் கிடைத்தபோது மண் தள்ளி முடிந்திருந்தது. கைப்பேசியைப் பிடித்திருந்த இளைஞர் இன்றளவும் அதனைத் தம் குற்றமாக எண்ணி வருந்துகிறார்.

ஆறு இலக்க எண்ணைப் பற்றியும் ஒரு சொல். மன்னர்கள் முத்திரையில்லா மடலைப் படிப்பதில்லை என்று கூறப்பட்டபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரத்தில் முத்திரை செதுக்கச் செய்தார்கள். அம்மோதிரம் பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அரீஸ் கிணற்றில் வீழ்ந்து, மூன்று நாள் தேடியும் கிட்டாமற் போயிற்று. அப்புனித நினைவை இன்றைய ஓ.டி.பி.யோடு ஒப்பிடுகிறேன் என எவரும் எண்ண வேண்டா. மடலை மெய்ப்பிக்க முத்திரை தேவை என்பதில் பழைமையும் புதுமையும் ஒன்றே என்பதற்காகச் சொன்னேன். வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. முத்திரை உரியவர் விரலில் இருந்தது. இன்றைய எண்ணோ மகன் வாங்கித் தந்த சிம்முக்கு வருகிறது; அச்சிம் துபாயில் இருக்கும்; அல்லது காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். முதியவர் தம் வங்கிக் கணக்கையும் தம் மகனின் குரலையும் திறக்கப் பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்.

ஊரின் பெயரே கருவிக்குத் தெரியாத இடர்ப்பாடும் நம் பகுதிக்கு உண்டு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995-இல் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் பிரிந்தது. (இரயில் விபத்து நிகழ்ந்ததும் அதே நவம்பர் 23 என்பதைக் காண்க.) இணையப் படிவம் ஒன்றில் நான் மாவட்டத்தைத் தேடியபோது அரியலூர் பட்டியலில் இல்லை. திருச்சியைத் தேர்ந்தால் அஞ்சல் குறியீட்டு எண் பொருந்தவில்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டிற்று. மூன்று நாள் முயன்றேன். அஞ்சல் குறியீட்டு எண் 1972-இல் வந்தபோது, அதனை எழுத மறந்தாலும் அஞ்சற்காரர் ஊர்ப் பெயரைப் பார்த்துச் சேர்த்துவிட்டார். இடையில் மனிதர் நின்றதால் வந்த நன்மை அது. இதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மையித் வீடொன்றில் யாஸீன் ஓதுதலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டிருந்தனர். பாதியில் குளிர்பான விளம்பரம் துள்ளி ஒலித்தது. ஓதப்படும்போது வாய்மூடிச் செவிசாய்க்கக் கட்டளையிடப்பெற்ற வசனங்களுக்கு நடுவே அது வந்தது. அணைக்கத் தெரிந்த பிள்ளை வாசலில் இருந்தான். அவன் வரும்வரை கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி அமர்ந்திருந்தனர். ஓதத் தெரிந்தவர் அக்கூட்டத்தில் ஐவரேனும் இருந்திருப்பர்.

துணி முடிப்புக்குத் திரும்புகிறேன். குரற்பதிவுகளை மீட்க என்னால் இயலவில்லை. கணினி அறிந்த மாணவர் ஒருவரும் முயன்று கைவிரித்தார். அம்மூதாட்டி சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர் தம் தாயாரின் கடிதம் ஒன்றை எடுத்து, இதையாவது மகனுக்கு அனுப்ப வேண்டும், எழுதித் தாருங்கள் என்றார். கைப்பேசியின் அரபு விசைப்பலகையைத் திறந்தேன். முதல் வரியிலேயே 'மழை' வந்தது. ழகரத்துக்கு நம் முன்னோர் புள்ளியிட்ட எழுத்து அதில் இல்லை. இருந்த எழுத்தைக் கொண்டு ஒப்பேற்றி, அருகே தமிழில் பொருள் எழுத முனைந்தேன். வலமிருந்து செல்லும் அரபும் இடமிருந்து செல்லும் தமிழும் ஒரு வரியில் சேர்ந்தபோது, முற்றுப்புள்ளி வரியின் மறுகோடிக்குத் தாவிற்று. அடைப்புக்குறி திரும்பி நின்றது. சொற்கள் இடம் மாறின. கால் மணி நேரத்திற்குப் பின் கருவியைக் கீழே வைத்தேன்.

"விடுங்க ஹஜ்ரத்" என்று அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். பேத்தி உதவ வந்தாள், கையசைத்து நிறுத்தினார். கடிதத்தை மடியில் விரித்து, ஒலிவாங்கிக் குறியை விரலால் அழுத்தி, "தம்பி, இது உன் நன்னி எழுதுன கடிதம், கேளு" என்று சொல்லி, எழுத்தின்மேல் மற்றொரு விரலை ஓட்டியபடி படிக்கத் தொடங்கினார். அழுத்திய விரல் நழுவிப் பதிவு அறுந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்; மீண்டும் அறுந்தது. மூன்றாம் முறை முதற்பக்கத்தை முழுதும் படித்து முடித்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது மக்ரிப் பாங்கு ஒலித்தது.